ஆற்றில் விடாத மீன்

மீன்வளத் துறையில் புதிதாகச் சேர்ந்து, எண்ணூர்ப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்று முகம் சுருங்கிப் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வருத்தம் எனக்குத் தெரியாததல்ல. அனல்மின் நிலையச் சாம்பல் கரைந்த தண்ணீர், ரசாயன வாடை, கன்டெய்னர் லாரிகளின் புழுதி. இங்கே என்ன மீன், என்ன வளம் என்றுதான் தோன்றும். நான் ராயபுரத்தில் பிறந்தவள், இந்த வாடையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களுக்கும் பழகிவிடும். மூக்கு பாவம், எத்தனை நாள்தான் சண்டை போடும்?

வலை போடுவது, தண்ணீரில் உப்பை அளப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி. ‘விடுவது.’ நம் துறையில் தினமும் புழங்கும் சொல். இந்தக் குளத்தில் கெண்டை விட்டோம், அந்த ஏரியில் ரோகு விட்டோம் என்று சர்வ சாதாரணமாகச் சொல்வோம். ஆடு மாட்டை அவிழ்த்து விட்டால் பொழுது சாய ஓட்டிக்கொண்டு வரலாம். மீனை விட்டால் விட்டதுதான்.

பயிற்சிக் காலத்தில் எங்களை மலைமேல் ஒரு ஏரிக்குக் கூட்டிப் போனார்கள். பல் கிட்டிக்கும் குளிர். வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்காகத் தூண்டில் போட வேண்டும் என்பதற்காகத் தங்கள் ஊர் ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அந்த மலைத் தண்ணீரில் விட்ட கதையை அங்கிருந்த அதிகாரி சொன்னார். முட்டைகள் வழியிலேயே செத்துப்போகுமாம், மறுபடியும் கொண்டுவருவார்களாம். என்ன ஒரு பிடிவாதம் என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். அவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. கரையில் நட்டிருந்த பலகையைக் காட்டினார். “கொண்டுவந்தவர் பேரு அதுல இருக்கு. இந்த மீன் வர்றதுக்கு முன்னாடி இந்தத் தண்ணியில என்ன நீந்திக்கிட்டு இருந்துச்சு, யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது, அந்தக் கேள்வி மறக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர் ஜிலேபி மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஏழை எளியவர்களுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள். இன்று எந்தக் குட்டையில் வலை வீசினாலும் முதலில் ஏறுவது அதுதான். இனிப்புப் பெயர் ஒன்றை வைத்து அதைச் சொந்தக்காரனாக்கிக் கொண்டோம். அதனால் போனது எது என்று யாரும் கேட்பதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது.

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே சடையங்குப்பம் இருக்கிறது. தாழ்ந்த இடம். அங்கே செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று, தண்ணீர் நின்று குளமாகியிருந்தது. அதை ஒரு பாய் குத்தகைக்கு எடுத்திருந்தார். வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். நெஞ்சு வலி வந்து, கடை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் தம்பியிடம் கடையைக் கொடுத்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே தூண்டில் பைத்தியம். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நெஞ்சு இன்னும் வலிக்கும் என்று குளத்தை எடுத்தாராம்.

அதில் அவர் விட்டிருந்தது கெண்டையும் அல்ல, விராலும் அல்ல. அமெரிக்காவின் பெரிய ஆறுகளில் வாழும் அலிகேட்டர் கார் என்ற மீன். முதலையின் வாயை மீன் உடம்பில் ஒட்டவைத்தது போல இருக்கும். வளர்ந்தால் ஆள் நீளத்துக்கு வரும். அலங்கார மீன் கடையில் விரல் நீளக் குஞ்சாக வாங்கி, கோழிக் குடலும் பொடி மீனும் போட்டு, கை நீளத்துக்கு மேல் வளர்த்திருந்தார். சனி ஞாயிறுகளில் நகரத்திலிருந்து இளைஞர்கள் விலை உயர்ந்த தூண்டில்களோடு வருவார்கள். மீன் திமிறும், மல்லுக்கட்டி இழுப்பார்கள், நெஞ்சோடு அணைத்துப் படம் எடுப்பார்கள், திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கரையில் பாய் ஒரு பலகை எழுதி வைத்திருந்தார்: ‘புடி, போட்டோ எடு, வுடு.’

நான் முதலில் போனபோது அவர் அலுமினியத் தட்டு ஒன்றைக் கரண்டியால் தட்டிக் காட்டினார். தண்ணீருக்குள்ளிருந்து நீள நீள முகவாய்கள் மேலே வந்தன. பெருமை அவர் முகத்தில் வழிந்தது. “சத்தம் கேட்டா ஓடியாந்துரும் மேடம். அத்தோ, முதுவுல வெட்டு கீதே, அதான் சுல்தான். அவனுக்கு மட்டும் கையிலதான் குடுக்கணும்” என்றார். நான் மீனைப் பார்க்கவில்லை, ஆறு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அந்த மீனைப் பற்றிப் படித்திருக்கிறேன். நல்ல தண்ணீர் மீன்தான், ஆனால் உப்புக்கும் அஞ்சாது. தன் நாட்டில் முகத்துவாரம் வரை போய் வரும். கலங்கல் தண்ணீர், காற்று குறைந்த தண்ணீர் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. நம் எண்ணூர் ஆற்றில் மற்ற மீன்கள் திணறும் இடத்தில் அது சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தும். இறாலையும் குஞ்சு மீனையும் விட்டுவைக்காது.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என் மேலதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது மூடிய நீர்நிலைனு இருக்கேம்மா. ஆத்தோட தொடர்பு இல்ல. நீங்க ஏன் வீணா டென்ஷன் ஆகுறீங்க?”

மூடிய நீர்நிலை. அந்தச் சொல்லை எழுதியவர் எனக்கு வெகு காலம் முன்பு அங்கே கணக்கெடுக்கப் போனவர். போனது கத்திரி வெயிலில். நம் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு இது. வண்டி உள்ளே போகும், கால் சேற்றில் படாது என்று கோடையில்தான் நீர்நிலைக் கணக்கெடுப்போம். கோடையில் பார்த்தால் சடையங்குப்பத்தில் எல்லாக் குளமும் மூடிய குளம்தான். ஐப்பசி கார்த்திகையில் ஏரிகளைத் திறந்துவிட்டால் குளம், கால்வாய், தெரு, சமையலறை, ஆறு எல்லாம் ஒரே தண்ணீர். தயவு செய்து மழையில் போய்ப் பாருங்கள். செருப்பு போனால் போகட்டும்.

அந்த வாரமே வங்கக் கடலில் புயல் சின்னம் என்று அறிவித்தார்கள். சென்னைக்கும் நெல்லூருக்கும் நடுவே கரை கடக்கலாம், ஏரிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் திறப்பார்கள் என்ற பேச்சு. மறுபடி போன் போட்டேன். “எழுதிக் குடுங்க, திங்கக்கிழமை பார்க்கலாம்” என்றார். புயலுக்குத் திங்கள், செவ்வாய் தெரியாது என்று சொல்ல நாக்கு துடித்தது. வைத்துவிட்டேன்.

அந்த மீனை வளர்க்கக் கூடாது என்று காட்ட என் கையில் ஒரு உத்தரவும் இல்லை. போலீசைக் கூட்டிப் போய் மிரட்டலாம் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். மிரட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். மனுஷன் பயந்து, இருட்டோடு இருட்டாக மீன்களைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கால்வாயில் விட்டுவிடுவார். மீன் மேல் உயிரை வைத்திருப்பவர் வேறு என்ன செய்வார்? குளத்தை இறைக்கவும் நேரமில்லை, பள்ளம் அவ்வளவு ஆழம். அவராக மனம் வைத்தால்தான் உண்டு.

நேராகப் போய் விஷயத்தைச் சொன்னேன். எல்லா மீனையும் பிடித்து ஐசில் போட்டுக் கொன்றுவிட வேண்டும் பாய், தண்ணீர் வருவதற்குள். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“இன்னா மேடம் சொல்ற நீ? கொயந்த மாரி வளத்துகினு கீறேன். கரைய ஒசத்திர்றேன். மண்ணு மூட்ட அடுக்கறேன். வலைய சுத்திக் கட்டறேன். இதுக்குப் போயி கொல்லணுமா?”

“போன வெள்ளத்துல இங்க தண்ணி எங்க வரைக்கும் ஏறிச்சு பாய்?”

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். குளத்தருகே இருந்த கொட்டகைச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை அவர் தலைக்கு மேலே ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

“வேற எங்கனா ஏத்தினு போயி வெக்கலாமே?” என்றார். எங்கே வைப்பது? அந்த மீன் போகிற இடமெல்லாம் இதே கதைதான். எனக்குக் கோபம் வந்தால் ஆபீஸ் தமிழ் ஓடிப்போய் ராயபுரம் வந்துவிடும். “பேஜார் பண்ணாத பாய், வண்டில ஏறு” என்று என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரையில் இருக்கும் காத்திவாக்கத்துக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

வானம் மூட்டமாக இருந்தது. படகுகளையெல்லாம் மேலே இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஆற்றில் ஓரமாக ஒரே ஒரு பெண் மட்டும் கழுத்து வரை தண்ணீரில் அமிழ உட்கார்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். தேசம்மா. எனக்குப் பழக்கம். அவளுக்குப் படகும் கிடையாது வலையும் கிடையாது. ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்படும் இறாலைப் பறிக்குள் போடுவாள். அதுதான் அவள் குடும்பத்தின் சோறு. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை, இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களைப் பார்த்துக் கரையேறினாள். விரல்களெல்லாம் ஊறி வெளுத்து, இறால் முள் கிழித்த கோடுகளாக இருந்தன. பறிக்குள் அடி மறையும் அளவுக்குக்கூட இறால் இல்லை.

“இந்த மூட்டத்துல எதுக்கு எறங்குன?” என்றேன்.

“பொயலு வந்தா நாலு நாளு எறங்க முடியாதே மேடம். அதுக்குள்ள கெடைக்கறத தடவிக்கலாம்னு. மின்ன மாரி இல்ல. கரண்டு கம்பெனி வுடற சுடுதண்ணி ஒரு பக்கம், சாம்பலு ஒரு பக்கம். மடவ மீனு போச்சு, நண்டு போச்சு. இந்த எறா ஒண்ணுதான் இன்னும் எங்களோட கீது.” பிறகு பாயைப் பார்த்தாள். “இவரு யாரு? ஆபீசரா?”

“இல்லமா” என்றார் பாய். “மீன் வளக்கறேன்.”

“அப்ப நம்ப ஆளுதான். இன்னா மீனு பாய்?”

பாய் ஓரடி முன்னால் வந்தார். அவள் பறியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். அந்த மீனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவருக்கு அது தெரியும், அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை. “சும்மா... அயகுக்கு வளக்கறதுமா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் இரக்கம் பொங்கியது. இவரை இங்கே கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்திருப்போம். பின்னாலிருந்து பாயின் குரல் வந்தது. “ஐசு சொல்லிட்டியா மேடம்?”

“இல்ல பாய்.”

“சொல்லு. தட்டு என்கிட்ட கீது. நான் தட்டுனாதான் வரும்.”

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து உடைத்த ஐசும், தடித்த நூல் வலையோடு தெரிந்த ஆட்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. பாய் முழங்கால் தண்ணீரில் நின்று தட்டைத் தட்டினார். எப்போதும் போல மீன்கள் நம்பிக்கையோடு வந்தன. கடைசித் தடவையாக அவற்றுக்கு வயிறாரப் போட்டார். பிறகு தலையை ஆட்டினார், வலை சுற்றி வந்தது. ஐஸ் பெட்டிகளுக்குள் அவை அடங்கும் வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை. பயந்து கலைந்தவை மறுபடி கூடுவதற்கு நேரமாகும், மறுபடி தட்டுவார். என் வேலைக் காலத்தில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டுச் சத்தத்தைப் போல ஒன்று என்னை வதைத்ததில்லை.

ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரியும். வெளிச்சம் குறையும்போது சொன்னார்: “சுல்தான் வர்ல.”

வலைக்காரர்கள் போதும் என்றார்கள். தூறல் வலுத்திருந்தது. ஒன்றுதானே, தனியாகக் குஞ்சு பொரிக்குமா என்று ஒருவர் சிரித்தார். எனக்கும் களைப்பு. ஒன்றை விட்டுவிடலாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. நான் சொல்வதற்குள் பாய் தட்டைக் கரையில் வைத்துவிட்டு இடுப்பளவுக்கு இறங்கினார். கோழிக் குடலைக் கையில் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டினார். அசையாமல் நின்றார். வெகு நேரம் கழித்து அது வந்தது. அவர் தொடையை உரசிக்கொண்டு வந்து கையிலிருந்து வாங்கியது. அவர் வலைக்காரரைக் கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, தானே நடந்து வந்து ஐசில் வைத்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அரசாங்க வேலையில் அழக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் பாத்திரத்தோடு வந்து மீன் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அதன் முட்டை நஞ்சு, யார் எதைச் சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மேட்டில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். திட்டிக்கொண்டே போனார்கள்.

புயல் வரவில்லை.

கடைசி நேரத்தில் வடக்கே ஆந்திரா பக்கம் ஒதுங்கிவிட்டது. ஏரியையும் திறக்கவில்லை. மறுநாள் காலை நான் குளத்துக்குப் போனபோது துணி காயப் போடலாம் போல வெயில். பாய் கரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை. “வெயில் அடிக்குது மேடம்” என்றார். “ஆமா பாய்” என்றேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். புயலே வரவில்லையே, அப்படி என்ன அவசரம் என்றார்கள். கொஞ்ச காலம் என்னை மீன்கொல்லி மேடம் என்று என் காது படவே கூப்பிட்டார்கள். சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது. பிள்ளைகளே, இந்த வேலையில் நீங்கள் சரியாக எடுக்கும் முடிவுகளில் பாதிக்குச் சாட்சி இருக்காது. வராத வெள்ளத்தில், போகாத மீன், தின்னாத இறாலை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டுவீர்கள்? நஷ்டம் மட்டும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அது கரையில் உட்கார்ந்திருக்கும். அந்த நஷ்டத்தை நீங்கள் படவில்லை, வேறொருவர் பட்டார் என்றால் அவர் வீட்டுப் பக்கம் அடிக்கடி போய் வாருங்கள். நான் செய்தது அவ்வளவுதான். குளத்தில் விரால் வளர்க்க வழி பண்ணிக் கொடுத்தேன், நோன்புக் கஞ்சிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். சுல்தானைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை.

வெள்ளம் வந்தது, நான் ஓய்வு பெற்ற பிறகு. பாய்தான் போன் செய்தார். “கரை எங்க கீதுனு தெர்ல மேடம். குளத்து மீனெல்லாம் ரோட்ல போய்கினு கீது. அத்தினியும் ஆத்துக்குத்தான் போவுது” என்றார். விராலும் போய்விட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். “விராலு நம்ப ஊருதானே, போவட்டும்” என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு அவரே என்னைக் கூப்பிட்டார், காத்திவாக்கம் போகலாம் என்று. ஏன் என்று நானும் கேட்கவில்லை. பாலத்தின் கீழே தேசம்மா பறியைக் கவிழ்த்து இறாலைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளத்துக்குப் பின் நல்ல வரத்து. என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். “வா மேடம். மீன் ஆபீசுல அத்தினி வருசம் ஒக்காந்துகினு இருந்தியே, எங்களுக்கு இன்னாத்த கிழிச்ச நீ?”

“ஒண்ணும் கிழிக்கல தேசம்மா. எறா போடு.”

அவள் சிரித்துக்கொண்டே பாயை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. “நீ அன்னிக்கு வந்த பாயிதானே? அயகுக்கு மீனு வளக்கறேன்னு சொன்னியே. நல்லா கீதா மீனெல்லாம்?”

“இல்லமா” என்றார் பாய். “வுட்டுட்டேன்.”

“எங்க வுட்ட? ஆத்துலயா?”

பாய் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றைத்தான் பார்த்தார். “இல்லமா. ஆத்துல வுடல.”

“போ பாய்” என்றாள் தேசம்மா, இறாலை அள்ளிப் பையில் போட்டபடி. “ஆத்துல வுட்டிருந்தா நாங்களாச்சும் புடிச்சித் துன்னுருப்போம்.”

பாய் பையை வாங்கிக்கொண்டார்.